சைக்கிளுக்கும் சாலையில் இடம் உண்டு, விதியும் உண்டு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நான் பேசியதைச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார். அன்று நேரம் போதாமல் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் இதில் சேர்த்திருக்கிறேன்.)



போன கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்து, 'இதர விஷயங்கள்' என்று செயலாளர் சொன்னதும் நமது உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "பள்ளிக்கூடப் பசங்க ராங் சைடுல சைக்கிள் ஓட்டிக்கிட்டு வர்றாங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா கார்க்காரன் மேலதானே கேஸ் வரும்?" என்றார். உடனே பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா, "கார்ல போறவங்க எங்க பிள்ளைங்கள ரோட்டை விட்டே தள்ளுறீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். அப்புறம் இருபது நிமிடம் யார் பேசியதும் யாருக்கும் காதில் விழவில்லை. சுண்டலும் டீயும் வந்த பிறகுதான் கூட்டம் அமைதியானது.

அன்று செயலாளர் என்னிடம், "சார், நீங்கதான் ரெண்டையும் ஓட்டுறீங்க. அடுத்த கூட்டத்துல நீங்களே பேசிடுங்க" என்று சொல்லிவிட்டார். நான் சாலைப் பாதுகாப்பு நிபுணன் கிடையாது. பி.காம். படித்துவிட்டு 1981-ல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 2019-ல் ஓய்வு பெற்றவன். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து இன்று வரை சைக்கிள் மிதிக்கிறேன். 2010 முதல் காரும் ஓட்டுகிறேன். இரண்டு பக்கத் தப்பும் நானே செய்திருக்கிறேன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

எங்கள் சின்ன வயதில் சைக்கிள் என்பது கட்டுப்பாடான வண்டி. நம்ப மாட்டீர்கள். சேலம் அப்போது நகராட்சி, மாநகராட்சி ஆனது 1994-ல்தான். சைக்கிளுக்கு நகராட்சியில் காசு கட்டி ஒரு தகர வில்லை வாங்கி ஹேண்டில் பாரில் மாட்ட வேண்டும். இருட்டிய பிறகு விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். டபுள்ஸ் போனால் இறக்கிவிட்டு, வால்வைத் திறந்து காற்றைப் பிடுங்கிவிடுவார். என் அப்பாவுக்கு ஒருமுறை காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். முன்பாரில் உட்கார்ந்திருந்தது நான். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தோம், வழி முழுக்க அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அவமானத்துக்குப் பயந்தே ஆட்கள் டைனமோ வாங்கிப் போட்டார்கள்.

பிறகு மொபெட் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, பைக் வந்தது. போலீஸ்காரரின் கண் மோட்டார் வண்டிகள் பக்கம் போனது. வில்லையும் போயிற்று, டைனமோவும் போயிற்று. இன்று சைக்கிளில் போகிறவனை யாரும் நிறுத்துவதில்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே அவனுக்கு விதி எதுவும் கிடையாது என்று அவனும் நினைக்கிறான். மற்றவர்களோ அவனுக்குச் சாலையில் இடமே கிடையாது என்று நினைக்கிறார்கள். போன கூட்டத்தில் போட்ட சண்டை முழுக்க இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் நடந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நான் சொல்லப்போவதை வீட்டில்கூடப் போன வாரம்தான் முதல்முறையாகச் சொன்னேன்.

1986 டிசம்பர் 31. அந்தக் காலத்தில் வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு டிசம்பரில்தான் முடியும். பேரேடு ஒத்துப்போகாமல், எங்கோ ஒரு எண் இடம் மாறி விழுந்ததைத் தேடிப் பிடித்து, நாங்கள் வெளியே வந்தபோது மணி பத்தரை. என் சைக்கிளில் டைனமோ இருந்தது, ஒயர் அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடைவீதிப் பக்கம் இருந்து வீட்டுக்குப் போக, கொஞ்ச தூரத்தில் வலது பக்கம் ஒரு சந்தில் திரும்ப வேண்டும். எப்படியும் வலது பக்கம் போகத்தானே போகிறோம், எதற்கு நடுவில் இடம் மாறுவது என்று முதலிலிருந்தே வலது ஓரமாக ஓட்டினேன். தினமும் அப்படித்தான் செய்வேன். இருநூறு அடி தூரம் இருந்தால் அதிகம்.

எதிரே ஒரு டி.வி.எஸ். 50 வந்தது. ஓட்டியவருக்கு என் வயது இருக்கும், பின்னால் அவர் மனைவி. வெளிச்சமே இல்லாமல் தன் பக்கத்தில் ஒரு சைக்கிள் வருவதை அவர் கடைசி நேரத்தில்தான் பார்த்தார். என்மேல் இடிக்காமல் இருக்க வண்டியை ஒடித்தார். இருவரும் விழுந்தார்கள். வண்டி அவர் காலின் மேல் விழுந்தது. என் முன்சக்கரத்தில் லேசாக உரசியதில் ரிம் மட்டும் வளைந்தது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

கூட்டம் கூடியது. கூடியவர்கள் அத்தனை பேரும் என் பக்கம் பேசினார்கள். "வண்டி கையில இருந்தா கண்ணு தெரியாது", "சைக்கிள்ல போற மனுசன் பாவம்" என்று ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். நான் சட்டைப் பையில் பேனா சொருகிய பேங்க் சார். அவர் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. யாரோ ஒருவர், "சார் சைக்கிள் ரிம் பெண்டு எடுக்கக் காசு குடுய்யா" என்றார். கீழே உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு இருபது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அவரை ஒரு குதிரை வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். குழித்தறி பார்த்தவர்களுக்குத் தெரியும். நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு திறக்கும், நாடா ஓடும். கால் இல்லையென்றால் தறி இல்லை, கூலி இல்லை. பொங்கல் கழித்து ஒருநாள் விசாரித்துக்கொண்டு அந்தத் தெரு வரை போனேன். பக்கத்து வீடுகளில் எல்லாம் தறிச் சத்தம் கேட்டது. வீட்டு வாசல் வரை போக எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்த இருபது ரூபாய் இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது.

சைக்கிள்காரன் எப்போதும் பாவம் என்ற பேச்சு சரியில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். இப்போது மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். ஏற்காடு ரோட்டில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்கு இறங்கினேன். கண்ணாடியில் பார்க்காமல் கதவைத் திறந்தேன். பின்னால் அரசு கொடுத்த சைக்கிளில் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை வந்தது. கதவில் மோதாமல் இருக்கச் சட்டென்று வலப்பக்கம் ஒடித்தது. அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ். அந்த ஓட்டுநர் போட்ட பிரேக் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பிள்ளை விழவில்லை. காலை ஊன்றி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, "சாரி தாத்தா" என்றது. நான் பதில் சொல்வதற்குள் மிதித்துப் போய்விட்டது.

தப்பு செய்தது இரண்டு தடவையும் நான். ஒரு தடவை அடிபட்டவர்கள் எனக்குக் காசு கொடுத்தார்கள், இன்னொரு தடவை சாக இருந்த பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சைக்கிளில் போகிறவர்களுக்கு. ராங் சைடு பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் நமது பகுதியில் தினம் பார்ப்பது அதுதான். பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, நடுவில் தடுப்பு இருக்கிறது, திரும்பும் இடம் வெகுதூரம் என்பது. இதில் நியாயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். இன்னொன்று, "எதிரே வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும், அதான் சேஃப்" என்பது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே பெற்றோர்தான். நடந்து போகிறவர்களுக்கு உரிய விதியைச் சைக்கிளுக்கு மாட்டிவிட்டிருக்கிறோம். நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர்கள் வலது ஓரமாக, வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதுதான் நல்லது. அவர்கள் நின்று, ஓர் அடி ஒதுங்கிக்கொள்ள முடியும். சைக்கிள் ஒரு வண்டி, அப்படி ஒதுங்க அதற்கு முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிறது, சைக்கிள் 15-ல் போகிறது. ஒரே திசையில் போனால் இரண்டும் நெருங்கும் வேகம் 25. முப்பது மீட்டர் தூரத்தில் பார்த்தால் ஸ்கூட்டர்காரருக்கு நான்கு விநாடிக்கு மேல் கிடைக்கும். பிரேக் போடலாம், ஒதுங்கலாம், திட்டக்கூட நேரம் இருக்கும். எதிரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் 55. அதே முப்பது மீட்டருக்கு இரண்டு விநாடிகூட இல்லை. 1986-ல் அந்தத் தறிக்காரருக்குக் கிடைத்த நேரம் அதிலும் பாதிதான் இருக்கும், விளக்கு இல்லையே.

இன்னொன்று. நமது குறுக்குத் தெருக்களில் இருந்து மெயின் ரோட்டில் இடதுபுறம் திரும்புகிறவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? வலது பக்கம். வண்டிகள் அங்கிருந்துதான் வர வேண்டும். இடது பக்கத்தில் இருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவர் கனவிலும் நினைக்க மாட்டார். அவர் கண் ஒரு பக்கம் இருக்கும்போது நீங்கள் மறுபக்கம் வந்து நிற்கிறீர்கள்.

தடுப்பு நீளமாக இருக்கிறது, கடை எதிர்ப்பக்கம் இருக்கிறது என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் நடந்து போகிறவர்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நான் அப்படித்தான் போகிறேன். தெரிந்தவர்கள் பார்த்தால் "பஞ்சரா சார்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அடுத்தது விளக்கு. இப்போது டைனமோ வேண்டியதில்லை. செல்போன் மாதிரி சார்ஜ் போடும் சின்ன விளக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பலர், "தெருவிளக்கு இருக்கே, எனக்கு ரோடு நல்லாத் தெரியுதே" என்கிறார்கள். உங்களுக்கு ரோடு தெரிவதற்காக மட்டும் அது இல்லை, எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். புதிய சைக்கிள்களில் ஒளியைத் திருப்பியடிக்கும் ரிஃப்ளெக்டர் கட்டாயம் என்று மத்திய அரசு 2020-ல் உத்தரவு போட்டிருக்கிறது. பழைய சைக்கிளுக்கு ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டலாம். மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டினால் போதும். பெடல் மேலும் கீழும் ஆடுவதால், அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் ஒருமுறை பின்னால் பார்த்து, எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அந்தக் கையை நேராக நீட்டுங்கள். எங்கள் காலத்தில் இதைச் சொல்லாமலே செய்வோம். இன்று கையை நீட்டினால் பின்னால் வருகிறவர் யாரையோ கூப்பிடுகிறோம் என்று நினைக்கிறார். இருந்தாலும் நீட்டுங்கள். ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்காது, அதையும் கழற்றிவிடுங்கள்.

நமது அஸ்தம்பட்டி ரவுண்டானாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, உள்ளே நுழைகிறவர் நின்று வழிவிட வேண்டும். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இது இருக்கிறது. இங்கே யார் ஹாரனை அதிகம் அடிக்கிறாரோ அவருக்கு முன்னுரிமை என்று நடக்கிறது. சைக்கிளில் ஹாரன் கிடையாது, ஆகவே அது கடைசி. அதைவிட ஆபத்து பஸ்ஸும் லாரியும் இடதுபுறம் திரும்பும்போது. நீளமான வண்டியின் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் சைக்கிள் இருந்தால் ஓட்டுநருக்குத் தெரியாது. பஸ்ஸின் இடது பக்கம் சந்து கிடைக்கிறதே என்று நுழைகிறீர்களே, அங்கே மட்டும் போகாதீர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று புகையைக் குடித்தாலும் பரவாயில்லை. எனக்குத் தைரியம் இல்லாத நாளில் நான் ரவுண்டானாவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

ஒரு விஷயத்தில் நான் சைக்கிள்காரர்கள் பக்கம். "ஓரமாப் போ" என்று எல்லோரும் கத்துகிறார்கள். எவ்வளவு ஓரம்? சாலை விளிம்பில் மண்ணும் ஜல்லியும் கிடக்கிறது, சாக்கடை மூடி ஒரு இடத்தில் ஏறியும் ஒரு இடத்தில் இறங்கியும் இருக்கிறது. அதில் ஏறிச் சறுக்கினால் உங்கள் கார் முன்னால்தான் விழுவான். இடதுபுறம் போக வேண்டும் என்றால் சாக்கடையை ஒட்டிப் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. விளிம்பை விட்டு இரண்டடி தள்ளி, நேர்கோட்டில் போவதுதான் சரி. நிறுத்தியிருக்கும் கார்களைத் தாண்டும்போது ஒரு கதவு திறக்கும் அகலம் விட்டுப் போக வேண்டும். எந்தக் காரில் என்னைப்போல ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

இனி கார், பைக் வைத்திருப்பவர்களுக்கு. நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில்தான் வருகிறோம்.

நான் சொன்ன 2017 ஒழுங்குமுறைகளில், நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் இவர்களிடம் ஓட்டுநர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. சைக்கிள்காரர் ஏதோ நம் தயவில் சாலையில் போகிறவர் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

முந்தும்போது எவ்வளவு இடம் விட வேண்டும்? பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதி நூலில், மணிக்கு 30 மைல் வரை வேகத்தில் சைக்கிளை முந்தினால் குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். பூக்கார அம்மா கணக்கில் மூன்றேகால் முழம். நம் தெருவில் அவ்வளவு இடம் எங்கே என்று கேட்பீர்கள். இல்லைதான். இடம் இல்லையென்றால் இடம் வரும் வரை பின்னால் போக வேண்டும். கன்னங்குறிச்சி வரை ஒரு சைக்கிளுக்குப் பின்னாலேயே போனாலும் இரண்டு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். காரணம் இருக்கிறது. சைக்கிள் இயல்பாகவே கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் போகும். பள்ளம் வந்தால் ஒரு அடி விலகும். உரசிக்கொண்டு போகும் காரின் காற்றுக்கே பத்து வயதுப் பிள்ளை தடுமாறும்.

ஹாரன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தூரத்தில் ஒருமுறை மெதுவாக அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் பிள்ளை திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒடிக்கும் என்று சொல்ல முடியாது. சைக்கிளை முந்திப்போய் உடனே அதன் முன்னால் இடதுபுறம் திரும்புவது இன்னொரு கெட்ட பழக்கம். சைக்கிள்தானே, மெதுவாகத்தானே வரும் என்று நினைக்கிறோம். மிதிக்கிற பையன் இருபதில் வந்துகொண்டிருப்பான்.

கார்க் கதவுக்கு ஒரு வழி. நெதர்லாந்தில் பழக்கமாம், நானும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்து இறங்கும்போது கதவை வலது கையால் திறக்காமல் இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்பக்கம் போகும். இடதுபுறம் இறங்குகிறவர்கள் வலது கையால் திறக்க வேண்டும். என் வீட்டம்மாவுக்கு இது பழக ஒரு மாதம் ஆனது. இப்போது நான் மறந்தால் அவர்தான் ஞாபகப்படுத்துகிறார்.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். அதற்காகச் சட்டமே தொடாது என்று இல்லை. பொதுவழியில் பிறருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவு. பழைய ஐ.பி.சி. 279 தான் இது. எந்த வண்டிக்கும் பொருந்தும், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாததால், நீங்கள் ஒருவரை இடித்து அவருக்குக் கால் முறிந்தால் செலவு உங்கள் கையிலிருந்துதான். கார் இடித்துச் சைக்கிள்காரருக்கு அடிபட்டால் ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அங்கே சைக்கிள்காரர் எதிர்த்திசையில் வந்தார், விளக்கு இல்லை என்று நிரூபணமானால், அவர் பங்குத் தவறுக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைப்பார்கள். ஆகவே போன கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை சார், எப்போதும் கார்க்காரர் மேல்தான் தவறு என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேஸ் யார் மேல் வரும் என்பதை முதலில் கேட்கிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நாடு முழுக்க 2022-ல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நம் மாநிலத்தில் 17,884 பேர்.

சாலைப் பாதுகாப்பு கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் நம் பக்கத்து ஊர்க்காரர், கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். முறிந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து அலுத்துப் போயிருப்பார் போலும். அந்த வழக்கில் 2025 அக்டோபரில் நீதிமன்றம், மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் உரிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதற்கான அதிகாரம் 2019 திருத்தத்திலேயே மாநிலங்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான்.

எனக்கு இதில் பெரிய கவலை அந்த "சாரி தாத்தா" சொன்ன பிள்ளைதான். தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று விரிந்தது. இப்போது ஆண்டுக்கு ஐந்து லட்சம் சைக்கிள் அளவில் கொடுக்கிறார்கள். எவ்வளவு நல்ல காரியம்! பஸ்ஸுக்குக் காத்திருந்து படிப்பை விட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேரை அது பள்ளிக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறது. ஆனால் சைக்கிளைக் கொடுக்கிற அன்று, ரவுண்டானாவில் எப்படிப் போவது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? நெதர்லாந்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போக்குவரத்துத் தேர்வு வைக்கிறார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, சாலையில் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. அங்கேயும் ஒரு காலத்தில் நிலைமை மோசம்தான். 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நானூறு குழந்தைகளுக்கு மேல் சாலையில் செத்து, தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் தனிப்பாதை எல்லாம் வந்தது.

நமக்குத் தனிப்பாதை எப்போது வருமோ தெரியாது. சங்கத்தால் முடிந்ததைச் சங்கம் செய்யலாம் என்று செயற்குழுவில் பேசி மூன்று காரியங்கள் முடிவாகியிருக்கின்றன. நடுத்தடுப்பில் சைக்கிளும் ஆட்களும் கடக்க வழிவிட்டு, அங்கே கோடு போட வேண்டும் என்று மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் செயலாளர் வீட்டில் போடலாம். கார் வைத்திருப்பவர்கள், பள்ளி விடும் நேரத்தில் குறுக்குத் தெரு முனையில் வண்டி நிறுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்களில் முதலில் எழுந்து கேள்வி கேட்ட அந்த உறுப்பினரும் ஒருவர். பின்வரிசை அம்மா தம் பையனை இனி ராங் சைடில் அனுப்புவதில்லை என்று சொல்லியிருக்கிறார். பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன், சிரித்தார்.

மூன்றாவது, வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பூங்கா முன்னால் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும். பெற்றோரும் வரலாம், வர வேண்டும். சாக்பீஸில் ரவுண்டானா வரைந்து ஓட்டிக் காட்டப் போகிறோம். வார இறுதியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் ஏறுகிறார்களே, நம் தெரு இளைஞர்கள் இருவர், அவர்கள் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரிஃப்ளெக்டர் ஒட்டுத்தாள் முப்பது சைக்கிளுக்கு வாங்கி வைத்திருக்கிறேன், அதற்கு யாரும் பணம் தர வேண்டாம். பிரேக் கட்டையும் பெல்லும் சரிபார்க்கச் சைக்கிள் கடைத் தம்பி ஒருவர் வருகிறார். காற்றடிக்கும் பம்ப் என்னிடம் இருக்கிறது. பழைய மாதிரி வால்வ் டியூப் யார் வீட்டிலாவது கிடந்தால் எடுத்து வாருங்கள், என் சைக்கிளுக்கு வேண்டும்.